கீரை செய்வதை மாத்திரை செய்யாதது ஏன்?

பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் 1985-க்கும் 1988-க்கும் இடையில் 29,133 ஆண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. அத்தனை பேரும் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட புகைபிடிப்பவர்கள். காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பது அதற்கு முன்பே பல நாடுகளில் கவனிக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருப்பதும் தெரிந்திருந்தது. கேரட்டுக்கும் பூசணிக்கும் நிறம் தருவது இந்தப் பொருள்தான். கீரையில் பச்சை நிறத்துக்குள் மறைந்திருக்கும். அதையே பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்பவர்களைக்கூடக் காப்பாற்றலாமே என்று நினைத்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், ஒரு பிரிவுக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் இ, ஒரு பிரிவுக்கு இரண்டும், நான்காவது பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. நல்ல நோக்கத்தோடு, மிகுந்த கவனத்தோடு நடத்தப்பட்ட ஆய்வு அது.

1994-இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. மொத்த மரணங்களும் 8 சதவீதம் கூடுதல். வைட்டமின் இ நுரையீரலைக் காக்கவில்லை.

இதே ஆய்வுக்குள் இன்னொரு தகவலும் கிடைத்தது. ஆய்வில் சேர்ந்த காலத்தில் யாருடைய உணவிலும் ரத்தத்திலும் பீட்டா கரோட்டின் இயல்பாகவே அதிகமாக இருந்ததோ, அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்தது. நாடு ஒன்று, ஆட்கள் ஒன்று, பொருளும் ஒன்று. சாப்பாட்டு வழியே அது சேர்ந்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். மாத்திரை வழியே ஏற்றப்பட்டவர்கள் கூடுதலாக நோயுற்றார்கள்.

பீட்டா கரோட்டின் போன்ற ஆன்டிஆக்சிடன்ட் பற்றி நம் பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் வருபவற்றில் பெரும்பாலானவை இந்த முரணைத் தொடுவதே இல்லை. ஃப்ரீ ராடிக்கல் கெட்டது, ஆன்டிஆக்சிடன்ட் அதை அழிக்கும், ஆகவே எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு சாப்பிடுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கத்தை நம்பி மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் புட்டிகளுக்கும் பொடிகளுக்கும் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குச் சரியான விளக்கம் கிடைக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் மிகப் பெரும் பங்கு செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் அங்கே புரதம் புரதமாகக் கடந்து, கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. அந்தப் பயணத்தில் பிறக்கும் ஆற்றலில்தான் நாம் வாழ்கிறோம். சில எலக்ட்ரான்கள் மட்டும் பாதி வழியிலேயே நழுவி ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்போது உருவாவது சூப்பராக்சைடு. இணையில்லாத ஓர் எலக்ட்ரானைச் சுமந்து திரியும் இத்தகைய மூலக்கூறுகளைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறார்கள். சூப்பராக்சைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. அது ராடிக்கல் அல்ல, ஓரளவு சாதுவானது. ஆனால் பிணைப்பில்லாத இரும்பு அணு ஒன்று அருகில் இருந்தால் பெராக்சைடு உடைந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும். இந்த வினையின் அடிப்படையை ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் 1894-லேயே விவரித்துவிட்டார். ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் நானோ நொடிக் கணக்கு. பிறந்த இடத்தில் எது இருக்கிறதோ, அது கொழுப்போ புரதமோ டி.என்.ஏ.வோ, அதையே தாக்கிவிடும்.

இது முக்கியமான இடம். ஹைட்ராக்சில் ராடிக்கலைத் துரத்திப் பிடிக்க எந்த ஆன்டிஆக்சிடன்டாலும் முடியாது. அதற்கு நேரமே இல்லை. பிறக்காமல் தடுப்பதுதான் ஒரே வழி. பெராக்சைடை உடனுக்குடன் உடைத்துவிட வேண்டும். இரும்பைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும். உடல் இரண்டையுமே செய்கிறது.

ஆக்சிஜனே நஞ்சாகவும் ஆகலாம் என்பதை 1954-இல் ரெபெக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினா விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். அழுத்தமான ஆக்சிஜனும் எக்ஸ் கதிரும் உடலைக் கெடுக்கும் வழி ஒன்றே, அது ஃப்ரீ ராடிக்கல் வழி என்பது அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த வாதம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956-இல், அமெரிக்க விஞ்ஞானி டென்ஹம் ஹார்மன் முதுமைக்கே இதுதான் காரணம் என்றார். அப்போது பலர் நம்பவில்லை. இவ்வளவு ஆவேசமான மூலக்கூறுகள் உயிருள்ள செல்லுக்குள் இருக்க முடியுமா என்ற கேள்வி இருந்தது. 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் மாட்டு ரத்தச் சிவப்பணுக்களில் இருந்த ஒரு புரதத்துக்குச் சூப்பராக்சைடை ஒழிப்பதே வேலை என்று கண்டுபிடித்த பிறகு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. எதிரி இல்லாமலா உடல் காவல்காரனை வைத்திருக்கும்? அந்த நொதிக்குச் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர். ராடிக்கல்கள் போன்ற ஆக்சிஜனேற்றப் பொருள்கள் உருவாகும் வேகம், உடலின் தடுப்பாற்றலை விஞ்சிவிடும் நிலைக்கு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று பெயர் கொடுத்து 1985-இல் வரையறுத்தவர் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ்.

ஆக, காவலின் முதல் வரிசையில் நிற்பவை உணவுப் பொருள்கள் அல்ல, உடலே தயாரிக்கும் நொதிகள். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்று ஒரு குடும்பம் அது. ஒரு நொதி மூலக்கூறு அழியாமல் திரும்பத் திரும்ப வேலை செய்யும். வைட்டமின் மூலக்கூறோ ஒரு ராடிக்கலைத் தணித்ததும் தானே செயலிழந்து நிற்கும். அதை யாராவது மீட்க வேண்டும். அளவில் இரண்டும் ஒப்பிடத் தக்கவையே அல்ல.

உணவு இங்கே முதல் உதவியைச் செய்கிறது, அது யாரும் விளம்பரம் செய்யாத உதவி. இந்த நொதிகள் இயங்கத் துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, இரும்பு, செலினியம் தேவை. இந்தக் காவலில் உதவும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறைக் கட்டுவதற்குச் சிஸ்டீன், குளுட்டமேட், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் தேவை. அவை புரதத்திலிருந்து வருகின்றன. பருப்பும் முட்டையும் மீனும் எள்ளும் நிலக்கடலையும் ஆன்டிஆக்சிடன்ட் உணவு என்று எந்தப் பட்டியலிலும் முதலிடத்தில் இருப்பதில்லை. ஆனால் புரதம் குறைந்த சாப்பாட்டைச் சாப்பிடும் ஒரு குழந்தைக்கு முதலில் கிடைக்க வேண்டியவை அவைதான்.

நொதிகளின் வலிமையைப் புரிந்துகொள்ள ஜி6பி.டி. குறைபாட்டைப் பார்க்கலாம். மலேரியா நெடுங்காலம் இருந்த பகுதிகளின் மக்களிடம், இந்தியாவிலும்கூட, பரவலாகக் காணப்படும் பரம்பரைக் குறைபாடு இது. செயலிழந்த குளுட்டாதயோனை மீட்கத் தேவையான பொருளைச் சிவப்பணுக்களில் உண்டாக்கித் தரும் நொதி இவர்களுக்குப் போதுமான அளவு வேலை செய்வதில்லை. சாதாரண நாள்களில் ஒன்றும் தெரியாது. பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்தோ, ஃபாவா அவரையோ உள்ளே போனால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து, ரத்தசோகையும் மஞ்சள்காமாலையும் வந்துவிடும். ஆன்டிஆக்சிடன்டின் அரசி என்று புகழப்படும் வைட்டமின் சி-யை மிக அதிக அளவில் ஊசி வழியே ஏற்றினாலும் இவர்களுக்கு அதே கதிதான். ஏனென்றால் வைட்டமின் சி மிகுந்த செறிவில் தானே பெராக்சைடை உருவாக்கும். ஒரு பொருள் எந்த இடத்தில், எந்த அளவில், யாரோடு சேர்ந்து இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது காப்பாற்றுமா கெடுக்குமா என்று தீர்மானமாகிறது.

ராடிக்கல்களை முற்றாக ஒழித்துவிட்டால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். நல்லதல்ல. நம் வெள்ளணுக்கள் பாக்டீரியாவை விழுங்கியதும் அதன்மேல் சூப்பராக்சைடைப் பொழிந்துதான் கொல்கின்றன. இதற்கான நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. சீழ்க்கட்டிகளும் நிமோனியாவும் பூஞ்சைத் தொற்றும் அவர்களை விடாமல் துரத்தும். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு ராடிக்கல்தான். அதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடற்பயிற்சி செய்யும்போது தசைகளில் ராடிக்கல்கள் கூடுகின்றன. அந்த ஏற்றமே உடலுக்கு ஒரு செய்தி. அதைக் கேட்டுத்தான் தசை தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது, இன்சுலினுக்கு நன்றாக இணங்கத் தொடங்குகிறது. ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் இ-யும் கொடுத்தார்கள். இன்சுலின் இணக்கம் மேம்பட்டது மாத்திரை எடுக்காதவர்களுக்கு மட்டுமே. வியர்வை சிந்தியும் பலன் கிடைக்காமல் போவதற்கு மாத்திரையே காரணமானது. உடற்பயிற்சிக் கூடங்களில் இதை விற்கிறார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது வைட்டமின்களின் முறை. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பில் ஒரு மூலக்கூறை ராடிக்கல் தாக்கினால் அது அடுத்ததைத் தாக்கும், அது அதற்கடுத்ததை. இந்தத் தொடரை அறுப்பது கொழுப்பில் கரையும் வைட்டமின் இ. ராடிக்கலிடமிருந்து வாங்கிய சுமையோடு அது செல் சவ்வின் விளிம்பில் நிற்கும்போது, நீரில் கரையும் வைட்டமின் சி அந்தச் சுமையை வாங்கிக்கொண்டு வைட்டமின் இ-யை விடுவிக்கிறது. வைட்டமின் சி-யிடமிருந்து குளுட்டாதயோன் வாங்குகிறது. குளுட்டாதயோனை நொதி மீட்கிறது. கட்டடம் கட்டும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வேலை. நடுவில் ஓர் ஆளை எடுத்துவிட்டால் சட்டி நின்றுவிடும். முதல் ஆளின் இடத்தில் நூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், வாங்க அடுத்த கை இல்லாவிட்டால் நூறு பேரும் சட்டியோடு நிற்க வேண்டியதுதான். வைட்டமின் இ-யை மட்டும் கொட்டினால் நடப்பது அதுதான்: சுமையோடு தேங்கிய வைட்டமின் இ, சில சூழல்களில் தானே கொழுப்பைத் தாக்கத் தொடங்கும்.

ஒரு கீரைக் கூட்டிலும் ஒரு பழத்திலும் இந்த வரிசை முழுமையாக வருகிறது. வைட்டமின் சி, பலவகைக் கரோட்டினாய்டுகள், ஃபோலேட், தாது உப்புகள் எல்லாம் சிறு சிறு அளவில், உடல் கையாளக்கூடிய வேகத்தில் வருகின்றன. பின்லாந்து மாத்திரையோ ஒரே பொருளை ரத்தத்தில் பத்து மடங்குக்கும் மேல் உயர்த்தியது.

புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் அது ஏன் தீங்காயிற்று என்பதற்கு, ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு விலங்குகளில் செய்த ஆய்வு ஒரு விளக்கம் தந்தது. சிகரெட் புகை நிறைந்த நுரையீரலில் மிகுதியான பீட்டா கரோட்டின் ஆக்சிஜனேற்றமடைந்து சிதைகிறது. சிதைந்த துண்டுகள், செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் காக்கும் வைட்டமின் ஏ-யின் சமிக்ஞையைக் குலைக்கின்றன. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், முன்னாள் புகைபிடிப்பாளர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணங்கள் 17 சதவீதமும் கூடுவதைக் கண்டு, 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதங்கள் முன்பாகவே நிறுத்திவிட்டார்கள். 35,533 ஆண்கள் பங்கேற்ற வேறோர் ஆய்வு வைட்டமின் இ மாத்திரை பிராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தது. 2011-இல் வந்த கணக்கின்படி அது 17 சதவீதம் கூடியிருந்தது. 78 ஆய்வுகளை, ஏறத்தாழ மூன்று லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2012-இல் சொன்னதும் இதையே: ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் ஆயுளை நீட்டுவதற்குச் சான்று இல்லை, பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் சற்றுக் குறைக்கக்கூடும்.

நாவல்பழம், மாதுளை, கருப்புக்கவுனி, தேநீர், மஞ்சள் ஆகியவற்றில் நிறைந்திருக்கும் பாலிஃபீனால்கள் பற்றியும் சொல்ல வேண்டும். சோதனைக் குழாயில் இவை வைட்டமின் சி-யைவிட வலிமையாக ராடிக்கல்களை அடக்கும். அப்படி அளந்த மதிப்பெண்களை வரிசைப்படுத்தி அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு பட்டியலே வைத்திருந்தது. நிறுவனங்கள் அதை எடுத்து டப்பாக்களில் அச்சிட்டன. 2012-இல் அத்துறையே அந்தப் பட்டியலை நீக்கிவிட்டது. குழாயில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு இல்லை என்பது அது சொன்ன காரணம். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் பாலிஃபீனாலின் அளவு மிகச் சொற்பம். அதையும் கல்லீரல் உடனே உருமாற்றிவிடுகிறது. ஆப்பிள் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் திறன் உயர்ந்ததைப் பார்த்து ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காரணம் தேடினார்கள். உயர்த்தியது ஆப்பிளின் பாலிஃபீனால் அல்ல. பழச்சர்க்கரையால் கூடிய யூரிக் அமிலம்.

இதைக் கேட்டதும் பழங்களின் பெருமை போய்விட்டதோ என்று சோர்ந்துவிட வேண்டாம். அவை வேறு வழியில் உதவுகின்றன, எனக்கு மிகவும் வியப்பூட்டுவது அந்த வழிதான்.

செல்லுக்குள் என்ஆர்எஃப்-2 என்றொரு புரதம் உண்டு. சாதாரணமாக அதைக் கீப்-1 என்ற மற்றொரு புரதம் பிடித்து வைத்திருக்கும். செல்லுக்கு ஏதோ தொந்தரவு வந்துவிட்டது என்ற அறிகுறி தெரிந்ததும் பிடி தளரும். விடுபட்ட என்ஆர்எஃப்-2 உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோனைத் தயாரிக்கும் நொதிகள், நச்சு நீக்கும் நொதிகள், இரும்பைப் பூட்டும் புரதங்கள் என இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்களை இயக்கிவிடும். அந்தப் பிடியைத் தளர்த்தும் திறன் பல தாவரப் பொருள்களுக்கு இருக்கிறது. தாவரங்கள் பூச்சிகளை விரட்டத் தமக்காக வைத்திருக்கும் கார்ப்பும் கசப்பும் துவர்ப்புமான பொருள்கள் அவை. நம் செல்கள் அவற்றை லேசான நஞ்சாகவே பார்க்கின்றன, உடனே காவலைப் பலப்படுத்துகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலலேயின் குழு 1992-இல் பிராக்கோலியிலிருந்து பிரித்த சல்ஃபரஃபேன் இதற்கு மிகத் தெளிவான உதாரணம். அது தானாக எந்த ராடிக்கலையும் குறிப்பிடும்படி தணிப்பதில்லை. ஆனால் அது எழுப்பிவிட்ட நொதிகள் அது வெளியேறிய பிறகும் நாள் கணக்கில் வேலை செய்யும்.

பிராக்கோலியைத் தேடி அலைய வேண்டியதில்லை. முட்டைக்கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர், கடுகு எல்லாம் அதே குடும்பம். முருங்கையிலும் அதே வகைப் பொருள் உண்டு. இவற்றை வெட்டும்போதும் அரைக்கும்போதும்தான் உள்ளே தனித்தனியாக இருக்கும் நொதியும் அதன் மூலப்பொருளும் கலந்து அந்தக் கார்ப்பான சேர்மம் உருவாகிறது. நொதி சூட்டில் கெட்டுவிடும். அதனால் முட்டைக்கோஸை நறுக்கிய உடனே அடுப்பில் போடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து சமைப்பது பயன் தரும். பச்சடியிலோ அவியாத முள்ளங்கியிலோ அது தானாகவே நடந்துவிடுகிறது. பச்சைக் கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் காரம், தாளித்த கடுகில் இல்லாததற்கும் இதுதான் காரணம்.

சமையலறையில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஆடும் மாடும் நாயும் வைட்டமின் சி-யைத் தம் கல்லீரலிலேயே செய்துகொள்கின்றன. மனிதர்களுக்கு அதற்கான மரபணு பழுதாகிப் பல லட்சம் தலைமுறைகள் ஆகிவிட்டன. தினமும் உணவில் வந்தாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் பரிந்துரைத்த அளவு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நெல்லிக்காய் அதையும் மிஞ்சும். ஆரஞ்சில் ஏறக்குறைய 50-தான். ஒரு கொய்யாவைச் சாப்பிட்டாலே தேவைக்கு மேல் கிடைத்துவிடும். அதைவிட அதிகம் தேவையா? தினமும் 200 முதல் 400 மில்லிகிராம் வரை சாப்பிட்டாலே ரத்தம் கொள்ளும் அளவை ஏறக்குறைய எட்டிவிடுகிறது என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மார்க் லெவின் குழு 1996-இல் காட்டியது. கிராம் கணக்கில் விழுங்கினால் மிஞ்சுவது சிறுநீரில் போகும். இரண்டு நோபல் பரிசுகள் பெற்ற லினஸ் பாலிங் அதிக அளவு வைட்டமின் சி புற்றுநோய்க்குக்கூட உதவும் என்று உறுதியாக நம்பினார். மேயோ மருத்துவமனை முற்றிய புற்றுநோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் வாய்வழியே கொடுத்து இரண்டு முறை ஆராய்ந்து, பலன் இல்லை என்று 1979-லும் 1985-லும் அறிவித்தது. எவ்வளவு பெரிய மேதை சொன்னாலும் ஆய்வு காட்டுவதையே ஏற்க வேண்டும்.

வைட்டமின் சி சூட்டிலும் நீரிலும் கரைந்துபோகும். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். கரோட்டின் நேர் எதிர்: வேகவைத்து, சிறிது எண்ணெய் சேர்த்தால்தான் குடல் நன்றாக ஏற்கும். எண்ணெயே இல்லாமல் பச்சைக் கேரட்டை மென்றுகொண்டிருப்பதைவிடத் தேங்காய் சேர்த்த கேரட் பொரியல் மேல். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீனும் அப்படித்தான். மஞ்சளின் குர்குமின் மிளகின் பைப்பரினோடு சேரும்போது ரத்தத்தில் இருபது மடங்கு கூடுவதைப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு 1998-இல் காட்டியது. இதைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிறவர்கள், அது 2 கிராம் தூய குர்குமினைக் கொண்டு செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். குழம்பில் விழும் மஞ்சள்தூளில் குர்குமின் சில சதவீதம் மட்டுமே.

தேநீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் பாலிஃபீனால்கள் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு உடலில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. நான்கு இட்லிக்கு ஒரு டம்ளர் டீ என்று காலையை முடித்துக்கொண்டு வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு, அந்த டீயின் ஆன்டிஆக்சிடன்டைவிட அது தடுத்துவிடும் இரும்பு பெரிய விஷயம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

எண்ணெய்க்குள்ளும் இதே ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. நல்லெண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிக்காமல் நிற்பதற்கு அதில் உள்ள செசமால் போன்ற பொருள்களே காரணம். ஊறுகாய்க்கு அதை ஊற்றி வைத்தது சரியான அறிவு. மாறாக, ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது ஏற்கெனவே ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பாக உள்ளே வருகிறது. இப்படிச் சிதைந்து உருவாகும் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாலையில் வடைச்சட்டியில் கறுத்து நுரைக்கும் எண்ணெயைப் பார்த்தால், அதில் பொரித்ததை வாங்காமல் நகர்வது ஒரு பாட்டில் மாத்திரையைவிட உதவும்.

புகையிலைக்கு மாற்று எதுவும் கிடையாது. சிகரெட்டின் ஒரே இழுப்பில், வாயு வடிவில் மட்டும், சுமார் பத்து கோடி கோடி ராடிக்கல்கள் உள்ளே போகின்றன. புகைபிடிப்பவர்களுக்குத் தினமும் 35 மில்லிகிராம் வைட்டமின் சி கூடுதலாகத் தேவை என்று அமெரிக்க நிபுணர் குழு பரிந்துரைத்திருப்பது, புகை அவர்கள் உடலிலிருந்து எவ்வளவைக் கரைக்கிறது என்பதைக் காட்டுகிறது. அந்த 35-ஐச் சாப்பிட்டால் புகை நிகராகிவிடும் என்று பொருள் அல்ல. விறகடுப்புப் புகையும், கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும், நாள்பட்ட ஈறு வீக்கமும்கூட இதே அழுத்தத்தைக் கூட்டுகின்றன. வீட்டில் காற்றோட்டத்துக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் செலவழிக்கும் பணம் இந்தக் கணக்கில் ஆன்டிஆக்சிடன்டுக்குச் செலவழித்த பணம்தான்.

மாத்திரைக்கு இடமே இல்லையா? உண்டு. வயதானவர்களின் விழித்திரை மையம் தேயும் நோய் நடுத்தரக் கட்டத்தை எட்டியிருந்தால், வைட்டமின் சி, இ, துத்தநாகம், செம்பு, பீட்டா கரோட்டின் சேர்ந்த கலவை அது முற்றுவதை 25 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது என்று அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் ஆய்வு 2001-இல் கண்டது. 2013-இல் அதே குழு பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டுக் கீரைகளில் இருக்கும் லூட்டினையும் ஸியாசாந்தினையும் சேர்த்தது. முன்னாள் புகைபிடிப்பாளர்களிடம் மறுபடியும் நுரையீரல் புற்றுநோய் கூடியதுதான் காரணம். கண் மருத்துவர் பரிந்துரைத்தால் அந்த மாத்திரையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனையில் ஒரு சத்து குறைவு என்று தெரிந்தாலும் அப்படியே.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களின் வீடுகளுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். கதிர்வீச்சு புற்றுநோய் செல்லைக் கொல்வதே பெருமளவு ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கித்தான். கீமோ மருந்துகள் சிலவும் அப்படியே. கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் வைட்டமின் இ மாத்திரையைச் சோதித்தார்கள். 2006-இல் வெளியான முடிவுகளின்படி மாத்திரை பெற்றவர்களிடம் மரணங்கள் கூடுதல். புகையிலை மெல்லுவதாலும் புகைப்பதாலும் நம் நாட்டில் அடிக்கடி காணப்படும் புற்றுநோயும் இந்த வகைதான். நோயாளியைப் பார்க்க வருகிற உறவினர் ஒவ்வொருவரும் அன்பினால்தான் ஏதாவது பொடியையோ சிரப்பையோ வாங்கி வருகிறார்கள். 'தெம்பு வரட்டும்' என்று தினமும் கலக்கிக் கொடுக்கிறார்கள். வாங்கி வந்தவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்த டப்பாக்களையும் புட்டிகளையும் பையில் எடுத்துப்போய், ஒன்றுவிடாமல் மருத்துவரின் மேஜைமேல் வைத்து, எதை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். வேகவைத்த கீரையையும் பருப்பையும் முட்டையையும் அவர் நிறுத்தச் சொல்ல மாட்டார்.